மூன்றாவது அழுத்தம்

பெட்டி சாய்ந்தபோது அதற்குள் நூற்றுப் பதினேழு பேர் இருந்தார்கள். செத்தது ஒருத்தி. வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த தாதி, கதவருகே நின்றவள். "ஒரே ஒரு உயிரோட போச்சே, நல்லவேளை" என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு. அந்த ஒரு உயிரை யார் தலையில் கட்டுவது என்பதுதான் அதன் பிறகு இரண்டு மாதம் எல்லோருக்கும் வேலையாக இருந்தது.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இன்றைய ரயில் பெட்டி சக்கரத்தின்மேல் நேராக உட்காருவதில்லை. சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தைப் போகி என்போம். போகிக்கும் பெட்டிக்கும் நடுவில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு காற்றுப் பைகள் இருக்கும். ஆள் ஏறினால் பையில் காற்று கூடும், இறங்கினால் குறையும், பெட்டி மட்டமாகவே நிற்கும். பயணிகள் தலை சாய்த்துத் தூங்குவது அந்தப் பைகளின் தயவில்தான். ஆனால் பை என்றால் ஒருநாள் கிழியும். கிழியும்போது பெட்டி போய் உட்கார ஓர் இடம் வேண்டும். அதற்காகப் பைக்கு அடியில், ரப்பரும் இரும்புத் தகடும் மாற்றி மாற்றி ஒட்டிய ஒரு கட்டை இருக்கும். காப்பு ஸ்பிரிங் என்று பெயர். அந்த வேலை அதற்கு ஆயுள் முழுக்க ஒரு தடவைகூட வராமல் போகலாம். வந்தால் அது நின்றாக வேண்டும்.

அன்று வளைவில் இடப்பக்கப் பை வெடித்தது. காப்பு ஸ்பிரிங் நிற்கவில்லை. பெட்டி இடப்பக்கம் சரிந்து, கம்பத்தில் மோதி, கதவு பெயர்ந்தது.

நான் ரயில் பணிமனையில் போகிகளைப் பழுதுபார்க்கும் போகி ஷாப்பின் தலைமைப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். என் அப்பா அதே பணிமனையில் கொல்லுலையில் நின்றவர். என் மகள் இப்போது அங்கே சோதனை அறையில் இருக்கிறாள். இருந்தாள் என்று எழுத வேண்டும். மூன்று தலைமுறையில் எங்கள் கை பட்டுப் போன சாமான் ஒன்றுகூடக் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைதான், ஆனால் அதற்காகச் சொல்லவில்லை. அதைக் காப்பாற்ற நான் என்ன செய்தேன் என்பது புரிய வேண்டும்.

விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டபோது வாசல் காவலாளி பக்கத்தில் நின்றவர்களிடம், "ஸ்கேல் ஐயா வர்றாரு, எல்லாரும் நிமிர்ந்து நில்லுங்கப்பா" என்றான். ஸ்கேல் என்பது பணிமனை எனக்கு வைத்த பெயர். முதுகு வளையாததால் வைத்தார்கள். நானும் மறுத்ததில்லை.

மாடியில், பயிற்சி வகுப்பு நடக்கும் அறையில் விசாரணை. கரும்பலகையில் யாரோ வரைந்த பிரேக் படம் பாதி அழிந்து கிடந்தது. அதிகாரி தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒரு பெண்மணி. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஆள். அவருக்குப் பக்கத்தில் குறிப்பெழுதும் எழுத்தர். எதிரில் பணிமனை மேலாளர். மேலாளருக்கு 'ஆச்சா' என்று பெயர். எந்த ஷாப்புக்குள் நுழைந்தாலும் வணக்கத்துக்கு முன்னால் "ஆச்சா?" என்றுதான் கேட்பார்.

சாய்ந்த அந்தப் பெட்டியின் முன்னறையில் உட்கார்ந்து வண்டியை ஓட்டியவன் ஆமை. அதுவும் பணிமனை வைத்த பெயர்தான். ஆமை ஓட்டும் வண்டிக்குக் குறுக்கே மாடு வந்தால், காத்திருந்து சலித்து மாடே நகர்ந்துவிடும் என்பார்கள். அப்படிப்பட்டவன்மேல்தான் வேகக் குற்றச்சாட்டு. பை வெடித்தால் ஓட்டுநர் முன்னால் விளக்கு எரியும். எரிந்ததும் வேகத்தை அறுபதுக்குக் கொண்டுவர வேண்டும். கருவியின் பதிவில், பெட்டி சாய்ந்த நேரத்தில் வேகம் எழுபத்திரண்டு. வளைவில் சட்டென்று பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் விழுவார்கள், அதனால்தான் மெதுவாகக் குறைத்தேன் என்று மருத்துவமனைப் படுக்கையிலிருந்து அவன் எழுதிக் கொடுத்திருந்தான்.

"ஸ்பிரிங் நல்லா இருந்திருந்தா எழுபத்திரண்டுல நிக்குமா?" என்று அதிகாரி கேட்டார்.

"நேர்ப்பாதைன்னா நிக்கும். வளைவுல அறுபதைத் தாண்டினா உறுதி சொல்ல முடியாது," என்றேன்.

"உடைஞ்ச ஸ்பிரிங்கைப் பார்த்தா தெரியாதா?"

"கிழிஞ்சு, உரசித் தீஞ்சு போச்சு. விபத்துக்கு முன்னாடி கிழிஞ்சதா, விபத்தால கிழிஞ்சதான்னு அதுகிட்ட கேக்க முடியாது."

"அப்ப சோதனைப் பதிவேடுதான் ஒரே சாட்சி." அவர் பேரேட்டை என் பக்கம் திருப்பினார். "சோதனை செஞ்சது உங்க மகள்னு தெரியும். தெரிஞ்சுதான் உங்களைக் கூப்பிட்டேன். இந்தச் சோதனை முறையைக் கொண்டுவந்ததே நீங்கதானாம். நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு இந்தப் பணிமனையில எல்லாரும் சொல்றாங்க."

அந்த முறை இதுதான். காப்பு ஸ்பிரிங்கை அழுத்தியில் வைத்து, பெட்டியின் முழுப் பாரத்தை ஏற்றி, எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று டயலில் பார்க்க வேண்டும். முப்பதைத் தாண்டினால் தள்ளுபடி. ஆனால் சும்மா கிடந்த ரப்பர் முதல் அழுத்தத்தில் வீறாப்பாக நிற்கும். உள்ளே ஒட்டு விட்டிருந்தாலும் வெளியே காட்டாது. இரண்டாவதில் கொஞ்சம் இறங்கும். மூன்றாவதில்தான் அதன் உண்மை நிலை தெரியும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் நடுவில், ஸ்பிரிங்கை அழுத்தியிலிருந்து எடுக்காமல் பத்து நிமிடம் விட வேண்டும். மூன்று எண்களையும் எழுத வேண்டும். நல்ல ஸ்பிரிங் ஆனாலும் சரி, மூன்று எண்ணும் ஒருநாளும் ஒன்றாக வராது. முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை.

பேரேட்டில் மகளுடைய எழுத்து, மணி மணியாக. இருபத்தாறு புள்ளி நான்கு. இருபத்தாறு புள்ளி நான்கு. இருபத்தாறு புள்ளி நான்கு.

என் கண் அங்கேயே நின்றுவிட்டது. அதிகாரியும் அதே இடத்தில்தான் விரலை வைத்தார்.

"மூணும் ஒண்ணாவே இருக்கே. இது நல்லதா, கெட்டதா?"

ஆச்சா என் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் தெரியும்.

"நல்லதுதான்," என்றேன். "சோதனை செஞ்ச கை நிதானமான கைன்னு அர்த்தம்."

எழுத்தர் எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன். படியிறங்கும்போது ஆச்சா கூடவே வந்து தோளைத் தொட்டு, "பெரிய மனுஷன் பெரிய மனுஷன்தான் ஐயா" என்றார். அவர் தொட்ட தோளை வீட்டுக்குப் போகிற வரைக்கும் நான் எதிலும் சாய்க்கவில்லை.

மகள் எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தாள். மருமகனுக்குக் கப்பல் வேலை, வருடத்தில் இரண்டு மாதம் வீட்டிலிருந்தால் அதிகம். அன்று அவள் வேலையிலிருந்து வந்ததும் நான் மாடியேறிப் போனேன். வாளியில் துணி ஊற வைத்துக்கொண்டிருந்தாள்.

"இருபத்தாறு புள்ளி நாலு," என்றேன்.

அவள் என்ன என்று கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எட்டு ஸ்பிரிங்ப்பா. மதியம் ரெண்டு மணிக்குக் கொண்டுவந்து போட்டாங்க. அஞ்சு மணிக்கு ரெண்டு பெட்டியும் வெளிய போகணும். அரை மணிக்கு ஒருக்கா ஆச்சா வந்து ஆச்சா, ஆச்சான்னு நின்னார். எட்டையும் ஒரு தடவை அழுத்தினேன். மூணு தடவை எழுதினேன்."

"அன்னிக்கு மட்டும்தானே?"

"அன்னிக்கு மட்டும்னு சொன்னா மனசு ஆறுமா உங்களுக்கு?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"அன்னிக்கு மட்டும் இல்லப்பா."

எனக்கு வாய் கூசவில்லை. அடுத்து நான் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். "மூணையும் ஒண்ணாவா எழுதுவ? கொஞ்சம் ஏத்தி இறக்கி எழுதத் தெரியலையா உனக்கு?"

அவள் பார்த்ததுபோல வேறு யாராவது என்னைப் பார்த்திருந்தால் கை ஓங்கியிருப்பேன்.

"எனக்குப் பொய் சரியா எழுத வரலப்பா. நீங்க பழக்கல," என்றாள்.

"நான் சொல்லியாச்சு. கோப்புல ஏறியாச்சு. இனி நீ வாயைத் திறக்கக் கூடாது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, நம்ம வாயையாவது மூடி வைப்போம்."

"ஆமை அண்ணன்?"

"அவனுக்குச் சங்கம் இருக்கு. பார்த்துக்குவாங்க."

"செத்துப் போன அந்தப் பொண்ணுக்கு?"

நான் படியிறங்கிவிட்டேன். கீழே என் மனைவி, "என்னங்க, அவகிட்ட என்ன சத்தம்?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆமையின் மனைவி வீட்டுக்கு வந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அதற்குப் பதில் என்னிடம் தயாராக இருந்தது. அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, தண்ணீர்கூட வேண்டாம் என்றாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன் ஐயா. ஸ்பிரிங் நல்லாத்தான் இருந்துச்சுன்னு நீங்க சொன்னீங்களாம்."

"ஆமா."

"அதை அவர்கிட்ட சொன்னாங்க. அன்னிலேருந்து மனுஷன் சாப்பிடல. ஸ்கேல் ஐயா நல்ல ஸ்பிரிங்னு சொன்னா அது நல்ல ஸ்பிரிங்தான், அப்ப நான்தான் தப்பா ஓட்டியிருக்கேன்கிறார். அதுக்கு முன்னாடி வரைக்கும் நான் தப்பு பண்ணலன்னு அடிச்சு சொல்லிக்கிட்டிருந்தவர் ஐயா. இப்ப தூக்கத்துல கொன்னுட்டேன் கொன்னுட்டேன்னு பொலம்புறார்." அவள் அழவில்லை. "நீங்க ஒரு நடை வந்து, வளைவுல யாரா இருந்தாலும் அப்படித்தான் ஓட்டியிருப்பாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லணும். நீங்க சொன்னா நம்புவார். வேற யார் சொன்னாலும் நம்ப மாட்டார்."

"வர்றேன்," என்றேன்.

அவள் போனபிறகு திரும்பினால், மாடிப்படியின் நடுவில் மகள் உட்கார்ந்திருந்தாள். முழுவதையும் கேட்டிருக்கிறாள்.

"போவீங்களாப்பா?" என்றாள்.

நான் போகவில்லை.

அடுத்த அமர்வில் சோதனை அறைக்காரர்களை விசாரிப்பதாக இருந்தது. மகளைத் தனியாக விடக் கூடாது என்று நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். அதிகாரி பேரேட்டைத் திறந்து வைத்து, "இது உங்க கையெழுத்துதானே?" என்று ஆரம்பித்தார்.

"என் கையெழுத்துதான் மேடம். ஆனா முதல் எண் மட்டும்தான் டயல்ல பார்த்தது. மத்த ரெண்டும் பார்த்து எழுதினது இல்ல. ஒரு தடவைதான் அழுத்தினேன்."

ஆச்சாவின் நாற்காலி கிறீச்சிட்டது. அறையிலிருந்த ஆறு பேரும் முதலில் அவளைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். எங்கள் வீட்டுப் பெயர் அந்த அறையின் நடுவில் அவிழ்ந்து விழுந்து கிடப்பதுபோல் இருந்தது. நான் எழுந்தேன்.

"அவ பேச்சை எடுத்துக்காதீங்க. ஓட்டுநர் வீட்டு அம்மா வந்து எங்க வீட்டுல உக்காந்து பேசிட்டுப் போச்சு. இவளுக்கு இளகின மனசு. அவங்களைக் காப்பாத்தணும்னு செய்யாததைச் செஞ்சேன்கிறா."

"அப்ப உங்க மகள் இப்ப சொல்றது பொய்யா?"

என் மகள் திரும்பவில்லை. அவளுடைய பின்னங்கழுத்துதான் எனக்குத் தெரிந்தது.

"ஆமா," என்றேன். "பொய் சொல்றா."

எழுத்தரின் பேனா ஓடும் சத்தம் கேட்டது.

மகள் எழுந்தாள். "ஒரு வழி இருக்கு மேடம். அதே போகியோட வலப்பக்கப் பை வெடிக்கல, அதோட ஸ்பிரிங் அடிபடாம முழுசா இருக்கு. கீழ சாமான் அறையில சீல் வச்சுக் கிடக்கு. அதுவும் அதே லாட்ல சேர்ந்து வந்தது, அதே நாள் நான் அழுத்திப் பார்த்ததுதான். அதுலயும் இருபத்தாறு புள்ளி ஒண்ணுன்னு மூணு தடவை எழுதியிருக்கேன். அதை எடுத்து மூணு தடவை அழுத்திப் பாருங்க. நான் பொய் சொல்றேனா, பேரேடு பொய் சொல்லுதான்னு தெரிஞ்சுடும்."

"இதெல்லாம் நேரத்தை வீணாக்குற வேலை," என்றார் ஆச்சா.

"எனக்கு நேரம் இருக்கு," என்றார் அதிகாரி. பிறகு என்னைப் பார்த்தார். "டயலை நீங்களே படிங்க."

சோதனை அறை மாறவில்லை. எண்ணெய் வாசனை, சுவரோரம் இரும்பு அலமாரி, தரையில் மஞ்சள் கோடு. அழுத்தி ஓடும்போது அதை ஓட்டுபவரைத் தவிர யாரும் மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது. கம்பி வலைக்கு உள்ளே ஸ்பிரிங். டயல் ஓட்டுபவரின் முகத்துக்கு நேரே. கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு முள் தெரியாது. நான் வாயால் சொல்வதுதான் எழுத்தாகும்.

முதல் அழுத்தம். பம்பு முனகியது. ரப்பர் மெல்லப் பிதுங்கியது. "இருபத்தாறு புள்ளி ஒன்பது," என்றேன். உண்மை. எழுத்தர் எழுதினார். வெளிறியிருந்த ஆச்சாவின் முகம் தெளிந்தது.

பத்து நிமிடம் விட்டேன்.

இரண்டாவது அழுத்தம். இருபத்தொன்பது புள்ளி எட்டு. அவ்வளவு இறங்கக் கூடாது. ஆனாலும் முப்பதுக்குள்தான். சொன்னேன். மூன்றாவதில் முப்பதைத் தாண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த பத்து நிமிடம் நான் என் வாய்க்குள் ஓர் எண்ணைத் தயார் செய்துகொண்டு நின்றேன். இருபத்தொன்பது புள்ளி ஒன்பது. முள் எங்கே நின்றாலும் அதைச் சொல்லிவிட வேண்டியது. சொன்னால் பேரேடு ஏறக்குறைய சரி, மகள் மனம் கலங்கிய பெண், எங்கள் வீடு எங்கள் வீடாகவே இருக்கும். ஆமை மட்டும் தூக்கத்தில் புலம்பிக்கொண்டிருப்பான்.

மூன்றாவது அழுத்தத்துக்குப் பம்பைப் போட்டேன். முள் முப்பதைத் தாண்டியது. முப்பத்தொன்றில் நிற்கும் என்று பார்த்தேன். நிற்கவில்லை. பழைய துணியை யாரோ மெதுவாகக் கிழிப்பதுபோல ஸ்பிரிங்குக்குள்ளிருந்து ஒரு சத்தம். கோட்டுக்கு அப்பால் நிற்பவர்களுக்குப் பம்பின் முனகலில் அது கேட்டிருக்காது.

"சொல்லுங்க ஐயா," என்றார் எழுத்தர்.

"இருபத்தொன்பது..." என்றேன்.

"அப்பா! பம்பை நிறுத்துங்க!" மகள் மஞ்சள் கோட்டைத் தாண்டி வந்துவிட்டாள். அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டிருந்தது. "ஒட்டு விடுதுப்பா, தகடு தெறிக்கும்! நிறுத்துங்க, வலைகிட்டேருந்து தள்ளி வாங்க!"

பாரம் ஏறியதும் பம்பை நிறுத்த வேண்டும். முப்பது வருடம் நான் மறக்காத வேலை. அன்று மறந்தேன். பொய்யை வாயில் வைத்துக்கொண்டு நின்றதில் கை தன் வேலையை விட்டுவிட்டது. அவள் என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, நெம்புகோலை இழுத்து நிறுத்தினாள். அவளுடைய இன்னொரு கை என் மார்பின் குறுக்கே இருந்தது, தகடு தெறித்தால் முதலில் தன்மேல் படட்டும் என்பதுபோல. சற்று முன் அவளைப் பொய்க்காரி என்றவன் நான்.

முள் நின்றது.

"முப்பத்து நாலு புள்ளி ரெண்டு," என்றேன்.

எழுத்தர் நிமிர்ந்தார். "முதல்ல இருபத்தொன்பதுன்னு ஆரம்பிச்சீங்களே?"

"அது தப்பு."

"டயல் தப்பா?"

"டயல் சரி. நான் சொன்னது தப்பு. முப்பத்து நாலு புள்ளி ரெண்டு, எழுதிக்குங்க. போன தடவை நிதானமான கைன்னு சொன்னேனே, அதுவும் தப்பு. தெரிஞ்சே சொன்னேன்."

மேலே போய் மூன்று எண்களுக்கும் அடியில் கையெழுத்துப் போட்டேன். அதே கோப்பில், பத்துத் தாளுக்கு முன்னால், என் முதல் வாக்குமூலம். அதன் அடியிலும் அதே கையெழுத்து. அதை எடுத்துவிட முடியுமா என்று அதிகாரியிடம் கேட்டேன். வாழ்க்கையில் ஓர் அலுவலகத்தில் நான் சலுகை கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"முடியாது ஐயா," என்றார் அவர். "ரெண்டும் இருக்கும்."

ஆமைமீது இருந்த குற்றச்சாட்டு விலகியது. இடுப்பெலும்பு சேரவில்லை, அவன் இனி வண்டி ஓட்டப் போவதில்லை. ஆச்சாவை வேறு பணிமனைக்கு மாற்றினார்கள், ஒரு படி உயர்த்தி என்று கேள்வி. பொய்ப் பதிவு எழுதி ஓர் உயிர் போகக் காரணமானதாக மகள்மேல் வழக்கு. அவள் மாடியைக் காலி செய்துகொண்டு, ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துப் போனாள். இரண்டு தடவை போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. திறக்கவில்லை. அவள் அம்மா போனால் திறக்கிறாள்.

போன வாரம் நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தது. அரசுத் தரப்புச் சாட்சிகளின் வரிசையில் முதல் பெயர் என்னுடையது. குற்றம் சாட்டப்பட்டவளின் தகப்பன் என்று அதில் எங்கும் இல்லை. ஓய்வுபெற்ற தலைமைப் பணியாளர், ஸ்பிரிங் சோதனையில் நிபுணர் என்று இருந்தது.

மனைவி அதைப் படித்துவிட்டு மேசைமேல் வைத்தாள்.

"போகத்தான் போறீங்களா?"

"போகலன்னா வந்து இழுத்துட்டுப் போவாங்க."

"அதைக் கேக்கல. அங்க போய் என்ன சொல்லப் போறீங்க?"

"டயல்ல பார்த்ததை."

அவள் சம்மனை நான்காக மடித்தாள். பிறகு பிரித்து, மடித்த கோடுகளை விரலால் நீவினாள்.

"அவ நல்ல பொண்ணு, அன்னிக்கு உங்க உசுரைக் காப்பாத்தினான்னு சொல்ல மாட்டீங்களா?"

"கேட்டா சொல்வேன்."

"கேக்க மாட்டாங்க," என்றாள்.